உப்பில்லாத ஓட்டை

அத்தியாயம் 5

படகின் தக்கையைத் திருகியதும் தண்ணீர் கொட்டியது. குழாயைத் திறந்துவிட்டது போல ஒரே கொட்டாகக் கொட்டி, மணலில் குழி பறித்தது. லுபர்ட் இரண்டடி பின்னால் குதித்தான். அவன் போட்டிருந்தது புது ஷூ.

"மேடம், கேஸ் முடிஞ்சுபோச்சு. படகு ஓட்டை. ஓட்டைப் படகை எவன் வாங்குவான்? வாங்க, ஊர் போய்ச் சேரலாம்."

ஃபென்னா போஸ்மா அவனைக் கண்டுகொள்ளவில்லை. கொட்டுகிற தண்ணீரில் சுட்டுவிரலை நனைத்தாள். நிதானமாக நாக்கில் வைத்தாள்.

"ஐயையோ! உள்ளே என்னென்ன செத்துக் கிடக்கோ!"

"நீயும் பாரு."

"என் வேலை ஒப்பந்தத்துல இது இல்லயே மேடம்."

"லுபர்ட்."

அந்த ஒற்றைச் சொல்லுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது என்பது ஆறு வருட அனுபவம். லுபர்ட் கண்ணை இறுக மூடிக்கொண்டு விரலை நக்கினான். பிறகு ஒரு கண்ணைத் திறந்தான்.

"தண்ணி மாதிரிதான் இருக்கு."

"அதைத்தான் நானும் சொல்றேன். இந்தப் படகு போறது வட கடல்ல. வட கடல் தண்ணி தண்ணி மாதிரியா இருக்கும்?"

"உப்புக் கரிக்கும்." சொல்லிவிட்டு லுபர்ட் நாக்கைச் சப்புக்கொட்டினான். "அப்ப மழைத்தண்ணியா?"

"இந்தக் கரையில மழை பெஞ்சு இருபத்தி மூணு நாள் ஆகுது. இது சமையலறைக் குழாய்த் தண்ணி. யாரோ தூக்கிட்டு வந்து ஊத்தியிருக்காங்க."

ஃபென்னா எழுந்து முழங்காலிலிருந்த மணலைத் தட்டினாள். துப்பறியும் தொழிலுக்கு வருவதற்கு முன்னால் அவள் இருபது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் படகுகளைப் பரிசோதித்தவள். மூழ்கிய படகு, மூழ்கியதாகச் சொல்லப்பட்ட படகு, மூழ்கடிக்கப்பட்ட படகு, மூன்றையும் வாசனையிலேயே பிரித்துச் சொல்வாள். லுபர்ட் அதற்கு முன் ரயிலில் டிக்கெட் பரிசோதகன். பொய் சொல்கிற முகம் அவனுக்கு அத்துப்படி. தண்ணீர் என்றால் மட்டும் முழங்காலுக்கு மேல் அவனுக்கு ஆகாது.

படகைப் பற்றி இரண்டு வார்த்தை. கட்டுமரம் என்ற நம் பெயரை வாங்கிக்கொண்டு போய், அதில் மரமே இல்லாமல் செய்துவிட்ட வெள்ளைக்காரப் படகு அது. ஃபைபரில் இரண்டு நீண்ட மிதவைகள், நடுவே உட்கார இழுத்துக் கட்டிய துணி மேடை, ஒரு பாய்மரம், இரண்டு பாய். கடற்கரை மணலிலிருந்தே தள்ளிக்கொண்டு போய்க் காற்றோடு பறக்கலாம். பெயர் 'லாஸ்ட்பாக்'. அந்த ஊர்ப் பாஷையில், தொல்லை பிடித்த பிள்ளையைச் செல்லமாகத் திட்டுகிற சொல். முப்பத்தி மூன்று வயது.

அதன் சொந்தக்காரர் ஏவர்ட் ஸ்வான் நேற்றுக் காலை அவர்கள் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்தார். அறுபத்தேழு வயது. வேலைக்காலம் முழுவதும் கடல் ஊருக்குள் வராமல் காக்கிற அணைகளில் மேற்பார்வையாளர். படகை விற்கப் போட்டிருந்தார். பத்து நாளில் வாங்க வந்தவர்கள் மூன்று பேர். மூன்று பேரும் ஓட்டம்.

முதலில் வந்த ஜெர்மன் பல் டாக்டர் இடது மிதவையின் தக்கையைக் கழற்றினார். ஒரு வாளித் தண்ணீர் கொட்டியது. அடுத்து வந்த தம்பதி வலது மிதவையில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல் இருப்பதைப் பார்த்துவிட்டார்கள். மூன்றாவது ஆள் இரண்டையும் பார்த்தார். கொடுத்த காபியைக் கூடக் குடிக்கவில்லை.

"அந்தக் கீறல் யார் வேலைன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க" என்றார் ஏவர்ட். "முந்தின வாரம் வரைக்கும் அந்தக் கீறல் கிடையாது. என் படகுல அப்படி ஒரு கீறல்! நாளைக்கு நாலு மணிக்கு இன்னொரு அம்மா வர்றாங்க, அலைடான்னு பேரு. அதுக்குள்ள தெரிஞ்சாகணும். வில்லமைனுக்கு, அதான் என் மனைவிக்கு, நான் உங்களைக் கூப்பிட்டது தெரியவே கூடாது. படகு வாங்க வந்தவங்க மாதிரி வாங்க."

அப்படித்தான் வந்திருந்தார்கள்.

"நாம புருஷன் பொண்டாட்டியா மேடம்?" என்று வரும் வழியில் கேட்டான் லுபர்ட்.

"அக்கா தம்பி. அதுக்கே உன் மூஞ்சி கொஞ்சம் ஜாஸ்தி."

இப்போது ஃபென்னா வலது மிதவையின் பக்கம் வந்தாள். விரல் முட்டியால் முன்னாலிருந்து பின்னால் வரை தட்டிக்கொண்டே போனாள். தேங்காய்க் கடையில் விவரமான ஆட்கள் தட்டிப் பார்ப்பார்களே, அந்த நிதானம். டொக், டொக், டொக். துணி மேடைக்கு முன்னால் ஓரிடத்தில் அவள் கை நின்றது. அதே இடத்தில் மூன்று முறை தட்டினாள். பிறகு ஒன்றும் நடக்காதது போல நகர்ந்தாள்.

என்ன என்று கேட்க லுபர்ட் வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்து ஒரு கடல்புறா அவன் கையிலிருந்த மீன் ரொட்டியை, மேலே தூவிய வெங்காயத்தோடு சேர்த்துக் கவ்விக்கொண்டு போய்விட்டது. லுபர்ட் அதன் வம்சத்தையே திட்டி முடித்தபோது கேள்வி மறந்துபோயிருந்தது.

"இங்க வா. கீறல்" என்றாள் ஃபென்னா.

வெள்ளை ஃபைபரில் கறுப்பாக, மயிரிழை போல ஓடியது கீறல். நடுவில் இரண்டாகப் பிரிந்து, ஓரத்தில் மெலிந்து முடிந்தது. 

"நகத்தால குறுக்க இழு."

லுபர்ட் இழுத்தான். நகம் வழுக்கிக்கொண்டு போனது.

"எங்கயும் மாட்டலயே!"

"மாட்டாது. அந்த வெயில் கிரீமை எடு."

லுபர்ட் வெயில் என்ற சொல்லைக் கேட்டாலே கிரீம் தடவுகிற ஆள். டப்பாவை நீட்டினான். ஃபென்னா கீறலின் நுனியில் ஒரு சொட்டு வைத்துத் தேய்த்தாள். மயிரிழை கரைந்து பழுப்புக் கறையாகப் பரவியது. லுபர்ட் குனிந்து அதை முகர்ந்தான்.

"புருவ மை! தண்ணிக்கு அழியாதது, எண்ணெய்க்கு அழியும். எங்க அக்கா வச்சிருக்கா."

"நல்ல அக்கா. இப்ப யோசி. கடலுக்கே போகாத தண்ணி ஒரு பக்கம். உடையாத கீறல் ஒரு பக்கம். படகுக்கு ஒரு சேதமும் இல்ல. வாங்க வர்றவங்க மட்டும் ஓடணும். யாருக்கு லாபம்?"

லுபர்ட் யோசிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. லாபம் பார்க்கிற ஆள் பத்தடி தள்ளித் தானாகவே நின்றிருந்தார். கழுத்தில் தொலைநோக்கி, கையில் அட்டை, அதில் செருகிய காகிதங்கள். அந்தக் கரைப் படகுச் சங்கத்தின் செயலாளர் ரைனவுட். ஐந்து நிமிடமாகக் கடலைப் பார்ப்பது போல இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்கப் போறீங்களா?" என்றார் அருகில் வந்து. முகத்தில் அப்படி ஒரு ஆசை.

"தண்ணி வருது, கீறல் இருக்கு. யோசிக்கிறோம்" என்றாள் ஃபென்னா.

"அதெல்லாம் சும்மா! தங்கமான படகு. நான் தினம் பாக்குறேன். வாங்கி, இன்னைக்கே எடுத்துட்டுப் போயிடுங்க."

"உங்களுக்கு ஏன் சார் இவ்வளவு அவசரம்?" என்றான் லுபர்ட்.

ரைனவுட் மறைக்கவில்லை. அந்த நாட்டில் யாரும் மறைப்பதில்லை. உன் தொப்பி நன்றாக இல்லை என்பதைக் கல்யாண வீட்டில் வைத்துச் சொல்கிற ஜனங்கள்.

"இந்த இடம் வேணும். பதினேழாம் நம்பர். கரையில படகு நிறுத்த மொத்தமே நாப்பது இடம். யாராவது படகை வித்தா இடம் காலி, வரிசையில முதல்ல நிக்கிறவங்களுக்குப் போயிடும். இப்ப முதல்ல நிக்கிறது என் மருமகன். ஒன்பது வருஷமாக் காத்திருக்கான். என் மகளும் ஒன்பது வருஷமா என்னைத் திட்டுறா."

"அப்ப ஸ்வான் தம்பதி இதை வித்துட்டு, நாளைக்கே மனசு மாறி வேற படகு வாங்கினா?"

"வரிசையில கடைசில போய் நிக்கணும். அவங்க முறை வரும்போது ஏவர்ட்டுக்கு எழுபத்தாறு ஆயிருக்கும்." ரைனவுட் கொஞ்சம் வருத்தப்பட்டார், ஆனால் கொஞ்சம்தான். "விதின்னா விதிதானே."

லுபர்ட்டின் முகம் விழுந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்று நினைத்திருந்தான். இந்த ஆளுக்கோ படகு விற்றால்தான் லாபம்.

"படகுகிட்ட வேற யாராவது வந்து பாத்தீங்களா?" என்றாள் ஃபென்னா.

"அவங்க ரெண்டு பேரைத் தவிர யாரும் வரல. ஏவர்ட் சாயங்காலம் வருவான், வில்லமைன் காலையில வருவா. அதுதான் எனக்கே விசித்திரமா இருக்கு. முப்பது வருஷமா ஜோடியாத்தான் வருவாங்க. விக்கிறதுன்னு முடிவானதுலேருந்து தனித்தனியா வர்றாங்க."

மணல் குன்றுக்கு அந்தப் பக்கம்தான் ஸ்வான் வீடு. வில்லமைன் வழிகாட்டவே வந்துவிட்டார். அறுபத்தி நாலு வயது, வெள்ளைத் தலை, வெள்ளைப் புருவம், மாலுமி மாதிரி நடை. எழுபது மரப்படிகள். மேலே போய்ச் சேர்ந்தபோது லுபர்ட்டுக்கு நாக்கு வெளியே தள்ளியது.

"மெதுவா வாங்க தம்பி" என்றார் வில்லமைன், மூச்சு வாங்காமல். "போன குளிர்காலம் எனக்கு இடுப்புல ஆபரேஷன். நானே ஏறிட்டேன்."

ஏவர்ட் வாசலில் நின்று, முன்பின் பார்த்தறியாதவர் போல இருவருக்கும் கை கொடுத்தார். நடிப்பு படு மோசம். லுபர்ட்டுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

காபி வந்தது. ஆளுக்கு ஒரு பிஸ்கட் வந்தது. டப்பா மூடிக்கொண்டு அலமாரிக்குப் போனது.

"ஏன் விக்கிறீங்க?" என்றாள் ஃபென்னா.

"ஏவர்ட்டுக்குத் தோள் வலி" என்றார் வில்லமைன். "பாய்க்கயிறு இழுக்க முடியல. அவர் சுக்கான் பிடிப்பார். நான் பாய்மரத்துக் கம்பியில இடுப்பை மாட்டிக்கிட்டு, வெளியே கடல் மேல சாஞ்சு நிப்பேன். முப்பத்தி மூணு வருஷம். கம்பியில தொங்கும்போது காதுல காத்து மட்டும்தான் கேக்கும். ஏவர்ட் ஏதோ கத்துவார், ஒண்ணும் கேக்காது. அதுவே ஒரு சுகம்." சிரித்தார். பிறகு சிரிப்பு தானாக நின்றது. "ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணினோம். முறைப்படி."

முறைப்படிதான். குளிர்பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தது. 'தீர்மானம்: லாஸ்ட்பாக்கை விற்பது. ஆதரவு 2. எதிர்ப்பு 0.' கீழே இரண்டு கையெழுத்து. அந்த நாட்டில் நாய்க்குட்டி வாங்கவும் கூட்டம் போட்டுத் தீர்மானம் எழுதுவார்கள். ஊரறிய எதையும் வாயாலேயே சொல்லிவிடுகிற ஜனங்கள், வீட்டுக்குள் மட்டும் காகிதத்தில் சொல்வார்கள்.

ஏவர்ட் சர்க்கரை ஜாடிக்காக எழுந்தார். மேல்தட்டில் பின்னால் இருந்தது. வலது கையை முழுதாகத் தலைக்கு மேலே நீட்டி, ஒரு முனகல் இல்லாமல் எடுத்துக்கொண்டு வந்தார். ஃபென்னா தன் காபியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டால் அவள் காபியைத்தான் பார்ப்பாள்.

லுபர்ட் கழிவறைக்குப் போனான். திரும்பி வந்தபோது அவன் முகத்தில் டிக்கெட் இல்லாத பயணியைப் பிடித்த களை. விடைபெற்று வெளியே வந்ததும் பொரிந்து தள்ளினான்.

"மேடம், அங்க மாட்டியிருக்கிற பிறந்தநாள் காலண்டரைப் பார்த்தேன்."

"எல்லா வீட்டுலயும்தான் கழிவறையில மாட்டியிருக்கும்."

"அதுல ஜூன் பதினொண்ணு, லாஸ்ட்பாக்னு எழுதியிருக்கு. மூத்த மகளுக்கும் சித்தப்பாவுக்கும் நடுவுல. அம்மா கையெழுத்து. பக்கத்துல ஐயா பலூன் எல்லாம் வரைஞ்சு வச்சிருக்காரு. குடும்பத்துல ஒரு ஆளை யாராவது விப்பாங்களா?"

"அப்புறம்?"

"கை கழுவற இடத்துல புருவப் பென்சில். புதுசு, ஆனா பாதி தேய்ஞ்சிருக்கு. அந்தம்மா புருவம் உப்பு மாதிரி வெளுப்பு. ஒரு நாளும் மை பட்டதில்ல." லுபர்ட் நெஞ்சை நிமிர்த்தினான். "கீறல் போட்டது வில்லமைன். கேஸ் முடிஞ்சுது."

"பாதி முடிஞ்சுது. தண்ணி யார் ஊத்தினது?"

"அதையும் அந்தம்மாதான்..."

"இடுப்புல ஆபரேஷன் பண்ணினவங்க எழுபது படி வாளி தூக்கிட்டு இறங்குவாங்களா? நேத்து நம்ம ஆபீஸ்ல ஏவர்ட் என்ன பேசினாருன்னு நினைச்சுப் பாரு. கீறல், கீறல்னு பத்துத் தடவைக்கு மேல சொன்னாரு. தண்ணியைப் பத்தி?"

லுபர்ட் நடப்பதை நிறுத்தினான். "நீங்க கேட்டப்ப ஒரு தடவை. அதுவும் ஜெர்மன்காரர் சொன்னாருன்னு."

"படகுல ஓட்டைன்னா கீறலை விடத் தண்ணிதானே பெரிய பயம்? அதைப் பத்தி அவருக்குக் கவலையே இல்ல. ஏன்னா, தண்ணி எங்கேருந்து வந்துச்சுன்னு அவருக்குத் தெரியும்."

"அப்போ நம்மளை வேலைக்கு வச்ச ஆளே..."

"பாதிக் குற்றவாளி. கடல் தண்ணி உள்ள வராமக் காவல் காத்த மனுஷன், சொந்தப் படகுக்குள்ள வாளி வாளியா ஊத்தியிருக்காரு. தான் பண்ணாத வேலை ஒண்ணு படகுல தெரிஞ்சதும் பதறிட்டாரு. வேற எவனோ படகைக் கெடுக்கிறான்னு நினைச்சு நம்மகிட்ட ஓடி வந்துட்டாரு."

லுபர்ட் மணலிலேயே உட்கார்ந்துவிட்டான். "ரெண்டு பேருக்கும் விக்க இஷ்டமில்ல. ரெண்டு பேரும் விக்கலாம்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா என்னவாம்?"

"அதான் எனக்கும் புரியல" என்றாள் ஃபென்னா. "நாலு மணிக்குப் புரிஞ்சிடும்."

அலைடா சரியாக நாலு மணிக்கு வந்தார். மூன்று ஐம்பத்தெட்டுக்கே வந்து, காரில் உட்கார்ந்திருந்து, நாலுக்கு இறங்கினார். ஏரிக்கரை ஊரொன்றில் பாய்ப் படகு சொல்லிக்கொடுக்கிறவர். இரண்டு மணி நேரப் பயணம். பின்னால் படகு ஏற்றுகிற வண்டியை இழுத்துக்கொண்டே வந்திருந்தார். ஏவர்ட்டும் வில்லமைனும் படகின் இரண்டு பக்கமும், சாவு வீட்டில் நிற்பவர்கள் மாதிரி நின்றார்கள். ரைனவுட் அட்டையோடு புது மாப்பிள்ளை போல வளைய வந்தார்.

"தண்ணி, கீறல் எல்லாம் போன்லயே சொல்லிட்டீங்க" என்றார் அலைடா. "எனக்கு அது பெரிய விஷயமில்ல. நானே சரி பண்ணிக்குவேன். பிரிச்சு எடுத்துட்டுப் போக நேரமாகும், ஆரம்பிக்கலாமா?"

ஏவர்ட் மனைவியைப் பார்த்தார். வில்லமைன் மணலைப் பார்த்தார். 

இந்த இடத்தில்தான் லுபர்ட்டுக்கு விஷயம் உறைத்தது. மேடம் இப்போது உண்மையைச் சொல்வாள். உண்மை என்னவென்றால், படகில் தண்ணீரும் பொய், கீறலும் பொய். அதைச் சொன்னால் படகின் மதிப்பு ஏறும். ஓட்டைப் படகையே வாங்க வந்தவர், ஓட்டை இல்லை என்றால் விடுவாரா? துப்பறிந்ததன் பலன், இவர்கள் படகு கையை விட்டுப் போவதுதானா? "மேடம், வேண்டாம்" என்று கிசுகிசுத்தான்.

ஃபென்னா தொண்டையைச் செருமினாள்.

"மன்னிக்கணும். நாங்க படகு வாங்க வரல. துப்பறியறவங்க. என்னைக் கூப்பிட்டது மிஸ்டர் ஸ்வான்."

"ஏவர்ட்!" என்றார் வில்லமைன்.

"கீறல் யாருதுன்னு கேட்டார். அது கீறல் இல்ல, புருவ மை. துடைச்சா போயிடும். மிஸஸ் ஸ்வான் வரைஞ்சது. ரொம்ப அழகான வேலை."

"வில்லமைன்!" என்றார் ஏவர்ட்.

"தண்ணி கடல் தண்ணி இல்ல, உங்க வீட்டுக் குழாய்த் தண்ணி. ஊத்தினது மிஸ்டர் ஸ்வான்."

ஏவர்ட் முகத்தில் ஈயாடவில்லை. அலைடாவின் முகத்திலோ விளக்குப் போட்டது போல ஒரு வெளிச்சம்.

"அப்ப பழுதே இல்லாத படகா? சொன்ன விலைக்கா? முடிஞ்சுது!" ஏவர்ட்டின் கை தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தானே பிடித்து இரண்டு குலுக்குக் குலுக்கினார்.

கை குலுக்கிவிட்டால் முடிந்தது. அந்த ஊரில் காகிதத்தை விட அது பெரிது.

"தண்ணி நீயா ஊத்தினே?" என்றார் வில்லமைன். கடைசிச் சொல்லில் குரல் ஏறிப்போயிருந்தது.

"நீ ஏன் கீறல் போட்டே? நீயும்தானே விக்கலாம்னு சொன்னே!"

"உனக்குத் தோள் வலின்னு சொன்னியே! ராத்திரி தூக்கமே வரலன்னு சொன்னியே! அந்த வலியோட நீ எனக்காகக் கயிறு இழுக்கணுமா? அதனாலதான் சரின்னேன்."

ஏவர்ட் வலது கையை உயர்த்தினார். காதைத் தாண்டி, தலையைத் தாண்டி, நேராக வானத்தைக் காட்டினார்.

"என் தோளுக்கு ஒண்ணும் இல்ல. எப்பவும் இருந்ததில்ல. ஆபரேஷன் முடிஞ்சு வந்த அன்னைக்கு நீ ஜன்னல் வழியாப் படகையே பாத்துக்கிட்டு இருந்தே. இனி உன்னால கம்பியில தொங்க முடியாதுன்னு நினைச்சேன். உன்னாலதான் நிறுத்தினோம்னு ஒரு நாளும் உனக்குத் தோணக் கூடாதுன்னு, பழியை என் தோள் மேல போட்டுட்டேன்."

"ஜூன் மாசமே டாக்டர் சரின்னுட்டார், மடையா! சைக்கிள் கொட்டகை உத்தரத்துல கயிறு கட்டித் தினம் தொங்கிப் பாக்குறேன்."

லுபர்ட் மூக்கை உறிஞ்சினான். கண்ணில் மணல் விழுந்துவிட்டது என்று யாரும் கேட்காமலே சொன்னான்.

ஏவர்ட் அலைடாவின் பக்கம் திரும்பினார். "அம்மா, இதை இல்லைன்னு வச்சுக்க முடியுமா? நாங்க விக்கல."

அலைடா கெட்டவர் இல்லை. அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. ஆனால் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். "எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு. ஆனா கை குடுத்தாச்சே."

"கை குடுத்தாச்சு!" என்றார் ரைனவுட் பின்னாலிருந்து. "நானே சாட்சி!"

வில்லமைன் படகின் மேல் கையை வைத்தார். எடுக்கவில்லை.

"லுபர்ட்" என்றாள் ஃபென்னா, "காலையிலேருந்து கால் வலிக்குதுன்னு சொல்லிட்டிருந்தியே. உக்காரேன்."

"நான் எப்ப மேடம்..."

"அங்க. வலது பக்கம், துணிக்கு முன்னாடி. நல்லா அழுத்தி உக்காரு."

லுபர்ட் உட்கார்ந்தான். எண்பத்தொன்பது கிலோ. அவனுக்குக் கீழே ஃபைபர் மெத்தை போல உள்வாங்கிக்கொண்டு, 'க்ரக்' என்று ஒரு சத்தம் போட்டது. எழுந்தான். அது மெதுவாக மேலே வந்தது. மறுபடி உட்கார்ந்தான். மறுபடி போனது.

அலைடா ஒரே எட்டில் வந்து அவனைத் தள்ளிவிட்டுக் கட்டைவிரலால் அழுத்தினார். முட்டியால் தட்டினார். டொக், டொக், டொப். முகம் மாறியது.

"இது பஞ்சாப் போச்சு. உள்ள ஒட்டு விட்டு, தனித்தனியாப் பிரிஞ்சு கிடக்கு. நல்ல காத்துல நடுக்கடல்ல ரெண்டாப் பிளந்திருக்கும்." நிமிர்ந்தார். "பழுதில்லாத படகுக்குத்தான் நான் கை குடுத்தேன். இதுக்கு இல்ல. சும்மா குடுத்தாலும் எனக்கு வேண்டாம்."

"அதெல்லாம் சின்ன விஷயம்!" என்று பாய்ந்தார் ரைனவுட். "கொஞ்சம் மெதுவா இருந்தா உக்கார நல்லாத்தானே இருக்கும்!"

அலைடா அவரைப் பார்த்த பார்வையில் அவர் இரண்டடி பின்வாங்கினார்.

"வேற யாராவது வாங்குவாங்களா?" என்றார் ஏவர்ட். 

"ஒருத்தரும் வாங்க மாட்டாங்க."

ஏவர்ட்டின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. வில்லமைன் முகத்தைப் பொத்திக்கொண்டார், தோள் குலுங்கியது. அலைடா பதறிப்போனார். பட்டென்று சொல்லிவிட்டேனே என்று இரண்டு பேரையும் மாறி மாறித் தட்டிக்கொடுத்தார். ஒட்டுப் போட்டுச் சரி செய்யலாம், ஆனால் இரண்டு பேர் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து பண்ணுகிற வேலை என்று எல்லாம் ஆறுதல் சொன்னார். காலி வண்டியை இழுத்துக்கொண்டு போகும்போது லுபர்ட்டிடம், "பாவம், உடைஞ்சுபோயிட்டாங்க இல்ல?" என்றார்.

"ரொம்ப" என்றான் லுபர்ட்.

அவர் போனதும் ஃபென்னாவின் பக்கம் திரும்பினான். "காலையிலயே உங்களுக்குத் தெரியும்."

"தட்டினப்பவே தெரியும்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"உன் முகம் பொய்யைப் பிடிக்கும் லுபர்ட், மறைக்காது. இவங்க வாயைத் திறக்கிற வரைக்கும் இது எனக்கு வேணும்னு வச்சிருந்தேன். எப்படியும் இன்னைக்குச் சொல்லியிருப்பேன். இது மேல உக்காந்து ரெண்டு பேரும் கடலுக்குப் போறதை விடுவேனா?"

ஏவர்ட் தயங்கித் தயங்கி அவர்கள் அருகில் வந்தார். மனைவிக்குக் கேட்காத குரலில் பேசினார்.

"இன்னொரு வேலை இருக்கு. முப்பத்தி மூணு வருஷத்துல வில்லமைன் எனக்காக வேற என்னவெல்லாம் சரி சரின்னு ஒத்துக்கிட்டாளோ? கண்டுபிடிச்சுக் குடுப்பீங்களா?"

"மாட்டேன்" என்றாள் ஃபென்னா. "அது எங்க தொழில் இல்ல. திரும்பிப் பாருங்க, பத்தடியில நிக்கிறாங்க. போய்க் கேளுங்க."

 ஏவர்ட் படகின் பக்கம் நடந்தார். துணி மேடையின் விளிம்பில் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏதோ கேட்டார். வில்லமைன் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அது நீளமாகப் போயிற்று. காற்று இந்தப் பக்கம்தான் வீசிக்கொண்டிருந்தது, இன்னும் நாலடி முன்னால் போனால் ஒவ்வொரு வார்த்தையும் கேட்கும். ஒட்டுக்கேட்பதையே பிழைப்பாக வைத்திருந்த லுபர்ட் ஷூவைக் கழற்றி மணலைக் கொட்டினான். மறுபடி மாட்டிக்கொண்டு, காதைத் திருப்பாமல் காரைப் பார்த்து நடந்தான்.